கொண்டி விழுந்த சத்தம்

நாற்றுக்காரர் கை பட்டு ஒரு நாற்று செத்துப்போனதாக யாரும் சொல்லிவிட முடியாது. தக்காளியோ கத்தரியோ மிளகாயோ, எதுவானாலும் குழித்தட்டில் விதை போட்டு, நாலு இலை விடுகிற வரை காத்திருந்து, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று வெயிலுக்குப் பழக்கி, அப்புறம் ஒரு சாயங்காலமாகப் பார்த்துப் பாத்தியில் இறக்குவார். தூங்குகிற குழந்தையை மடியிலிருந்து பாய்க்கு மாற்றுகிற மாதிரிதான். மறுநாள் காலையில் பார்த்தால், இடம் மாறியதே தெரியாமல் நிமிர்ந்து நிற்கும். இதில் அவருக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு. "என் கையில செத்தது ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பாப்போம்" என்று நாற்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். வந்தவர்கள் வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவர் மனைவிக்கு அந்த வித்தை வராது. அவளுக்கு வந்ததெல்லாம் நேராக விதைப்பது. பீன்ஸ், வெண்டை, முள்ளங்கி, பீட்ரூட், கேரட். விரலால் கோடு கிழித்து, விதையைத் தூவி, மண்ணை மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"தூவிட்டுப் போறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவர் சீண்டுவார்.

"ஆமா, நீங்க மடியில போட்டுக் கொஞ்சுறீங்க. என்னுது பொறந்த எடத்துலயே வளருது. எதுக்குப் பிடுங்கி நட்டுக்கிட்டு?" என்பாள் அவள். "கேரட்டைப் பிடுங்கி நடுங்களேன், உங்க சாமர்த்தியத்தைப் பாப்போம். அதுக்கு வேர்தான் காய். வேரைத் தொட்டா காயைத் தொட்ட மாதிரி."

அப்படியாகத்தான் வீடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நிழல்வலைப் பந்தலும் குழித்தட்டும் அவருக்கு, பாத்தி அவளுக்கு. தோட்டம் ஒன்றும் பெரிதில்லை, பஸ் டெப்போ மதிலுக்குப் பின்னால் வீட்டை ஒட்டி அரை ஏக்கர். கடையில் வாங்கிய உரம் ஒரு பிடி உள்ளே வராது. மருந்தடிக்கிற டப்பா கிடையாது. இலையும் தழையும் சாணமும் சமையல் கழிவும் குழியில் கிடந்து மட்கி, அதைச் சலித்து எடுத்தால் டீத்தூள் மாதிரி இருக்கும். அதுதான் எல்லாவற்றுக்கும் சாப்பாடு. முன்னால் ஒரு தகரக் கதவு. அதில் கனமான இரும்புக் கொண்டி. கொண்டி விழுந்தால் டங்கென்று பந்தல் வரைக்கும் கேட்கும். பக்கத்து வீட்டில் இருபது கோழிகள் இருந்ததால், கதவு விஷயத்தில் மட்டும் அந்த வீட்டில் எல்லாரும் கறாராக இருந்தார்கள்.

மூன்றாவது ஆள் பூவாளியம்மா. தண்ணீர் ஊற்ற வருகிறவள். இரண்டு கையிலும் இரண்டு பூவாளியோடு எட்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறாள், பேரே அதுவாகிவிட்டது. சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை. ஜன்னலில் ஒரு பெயின்ட் டப்பா வைத்துச் செடி வளர்க்கக்கூட இடமில்லாத அறை. எருவைச் சலிப்பதும் அவள்தான். எட்டு வருஷமாக மற்றவர்கள் விதைத்ததற்கே தண்ணீர் ஊற்றுகிறாளே என்று, போன வருஷக் கடைசியில் நாற்றுக்காரர் மனைவி கிழக்கு மூலையில் ஒரு துண்டு இடத்தைக் காட்டி, "இதுல நீ போடுறது உனக்கு" என்று சொல்லிவிட்டாள். பூவாளியம்மா அந்த மூலையை ஒரு வாரம் கொத்தினாள். மண்ணில் ஒரு கல் இல்லை, ஒரு கட்டி இல்லை. விட்டால் சீப்பு போட்டு வாரியிருப்பாள்.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய சமயம். மகளுக்குப் பிரசவம், நாற்றுக்காரர் மனைவி மூன்று வாரம் போய் இருந்தாக வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் உட்கார்ந்து இருபது அடிப் பாத்தி முழுக்கக் கேரட் விதைத்தாள். மிச்ச விதையைப் பூவாளியம்மா கையில் கொட்டினாள். அவளும் தன் மூலையில் போட்டாள். விதை பொடிப்பொடியாக இருந்ததால் பயந்துபோய் நெருக்கியே போட்டுவிட்டாள்.

"பரவாயில்ல, நாலு எல வந்ததும் பாதியைக் கலைச்சுப் போட்டுடலாம்" என்றாள் நாற்றுக்காரர் மனைவி.

பிறகு இரண்டு இடத்திலும் நனைத்த சாக்கை விரித்தாள். கேரட் விதை முளைக்கப் பத்து நாள் எடுக்கும். அதுவரை மேல்மண் ஒரு வேளைகூடக் காயக் கூடாது. அதற்குத்தான் சாக்கு. ஆனால் பச்சை கண்ணில் பட்ட அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

"என்னங்க, கேட்டுக்குங்க. தண்ணி பூவாளி ஊத்திருவா. உங்களுக்கு ஒரே ஒரு வேலை. எட்டாம் நாள்லேர்ந்து தெனமும் சாக்கைத் தூக்கிப் பாருங்க. மொளை தெரிஞ்சா எடுத்துருங்க."

"எனக்கா சொல்ற?" என்றார் நாற்றுக்காரர்.

"உங்களுக்குத்தான் சொல்றேன்."

அந்த நேரத்தில் மெஸ்காரரும் இருந்தார். மாணவர் விடுதிச் சமையலுக்கு வாரம் இரண்டு முறை ஸ்கூட்டரில் பெட்டி கட்டிக்கொண்டு காய் எடுக்க வருகிறவர். வாய் சும்மா இருக்காத மனுஷன்.

"பூவாளியம்மாவும் விவசாயி ஆயாச்சா? தண்ணி ஊத்துறவங்க போட்ட கேரட்டு உள்ள வெறும் தண்ணியாத்தான் இருக்கும்" என்றார்.

"மூணு மாசம் கழிச்சு வாங்க. என் கையால போட்டது ஒரு கூடை தர்றேன். தின்னு பாத்துட்டுப் பேசுங்க" என்றாள் பூவாளியம்மா. சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டாம் நாள் அவள்தான் பந்தலுக்கு வந்தாள். நாற்றுக்காரர் மிளகாய் நாற்றைத் தட்டிலிருந்து பையில் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் மூலையில பச்சை தெரியுது. நான் சாக்கை எடுத்துட்டேன். அண்ணி பாத்தியிலயும் எடுத்துடட்டுமா?"

வேலை மும்முரத்தில் இருந்தவருக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஊற்றுகிறவள் வந்து தனக்கு முளைப்பு சொல்லித்தருவதா?

"நீ தண்ணி ஊத்துற வேலையைப் பாரும்மா. அதது எப்பன்னு எனக்குத் தெரியும்."

"சரி அண்ணே" என்று போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மனைவி போன் செய்தாள். பின்னால் பச்சைக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "சாக்கை எடுத்தாச்சா?" என்றாள்.

"எடுத்தாச்சு" என்றார் நாற்றுக்காரர்.

பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. போனை வைத்ததும் போய் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். போனை வைக்கும்போது ஒருத்தர் முந்நூறு முட்டைக்கோஸ் நாற்று கேட்டு வந்து நின்றார். அப்புறம் இருட்டிவிட்டது. மறுநாளிலிருந்து நாலு நாள் தூறல். பந்தலில் தண்ணீர் ஒழுகி, குழித்தட்டுகளை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று மாற்றவே பொழுது சரியாக இருந்தது. எடுத்தாச்சு என்று வாயால் சொன்னதாலோ என்னவோ, மனசும் எடுத்ததாகவே கணக்குப் பண்ணிக்கொண்டது.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூவாளியம்மாவுக்கு லீவு. வெயில் பளிச்சென்று அடித்தது. டீயைக் குடித்துக்கொண்டே பாத்திப் பக்கம் வந்தவர், சாக்கு அப்படியே கிடப்பதைப் பார்த்தார். டம்ளரை வரப்பில் வைத்தார்.

குனிந்து ஒரு ஓரத்தைத் தூக்கினார். நூல் மாதிரி, வெளுத்துப்போன முளைகள், வெளிச்சம் தேடிச் சாக்கின் ஓட்டை ஓட்டையாக நுழைந்து பின்னிக்கொண்டு கிடந்தன. தூக்கத் தூக்க, வேரோடு சாக்கிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. நிறுத்தினார். விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தார். அவர் விரல்தான், எதையும் சாகவிடாத விரல்தான். தொட்ட இடமெல்லாம் அறுந்தது. கடைசியில் மொத்தச் சாக்கையும் எடுத்தபோது, சாக்கு எட்டாத கடைசி ஒரு முழத்தில் மட்டும் முப்பது நாற்பது முளை பச்சையாக நின்றது. மிச்சப் பாத்தி முழுக்க வெறும் மண்.

பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். போனைக் கையில் எடுத்தார். "எடுத்தாச்சு" என்று சொன்ன வாயால் என்ன சொல்வது? திரும்பவும் சட்டைப்பையில் போட்டார். மறுபடி விதைக்கலாம். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவள் வந்துவிடுவாள், வந்ததும் முதலில் இங்கேதான் நிற்பாள், வெறும் பாத்தியைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிடும். ஒரே ஒரு வேலை என்று சொல்லிவிட்டுப் போனாளே!

அப்போதுதான் அவர் பார்வை கிழக்கு மூலைக்குப் போனது. பூவாளியம்மாவின் கேரட். கொத்துக் கொத்தாக, நெருக்கமாக, இரண்டு இலையும் மூன்றாவது இலையுமாக, வெயிலில் பளபளவென்று நின்றது. அவருக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது என்று சொன்னால் யோசனைக்கே மரியாதை இல்லை. புத்தி கெட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

ஐந்நூறு நாற்றுக்குக் குறையாது. ஒவ்வொன்றாக அடிமண்ணோடு ஸ்பூனால் நெம்பி எடுத்தார். பென்சிலால் குழி போட்டார். வேர் மடங்காமல் இறக்கி, இரண்டு விரலால் அணைத்து, சொட்டுத் தண்ணீர் விட்டார். காலை எட்டு மணிக்குக் குனிந்தவர், பொழுது சாயும்போதுதான் நிமிர்ந்தார். மத்தியானம் இரண்டு வெந்த முட்டையை நின்றபடியே தின்றார். வெட்கக்கேடு என்னவென்றால், நடுவில் ஒரு கட்டத்தில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எவன் சொன்னான் கேரட்டை நட முடியாதென்று? ஒன்றும் வாடவில்லை. பாத்திக்கு மேலே குச்சி நட்டு நிழல்வலையை விரித்தார்.

பிறகு மூலைக்குப் போனார். அங்கே அங்கங்கே பத்து இருபது முளை மிச்சம் இருந்தது. வெறும் இடமாக விட்டால் சந்தேகம் வரும். மூன்று பல் களைக்கொத்தை எடுத்து, கோழி சீய்த்த மாதிரி, இங்கே ஒரு கீறல், அங்கே ஒரு கீறல், நடுவில் இரண்டு பள்ளம் என்று அவரே சீய்த்தார். அதையும் வேலை சுத்தமாகத்தான் செய்தார்.

திங்கட்கிழமை காலையில் பூவாளியம்மா வந்ததும் தன் மூலைக்குத்தான் போனாள். எப்போதும் அப்படித்தான் போவாள். நாற்றுக்காரர் பந்தலுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே..."

"என்னம்மா?"

"என்னுது எல்லாம் போச்சு அண்ணே."

எழுந்து போய் அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். "அடடா, கோழி! நேத்துக் காலையில வந்தேன், கதவு தொறந்து கெடந்துச்சு. சனிக்கெழம கடைசியா போனது நீதானே?"

"நான்தான் அண்ணே. ஆனா சாத்திட்டுத்தானே போனேன்."

"சாத்தியிருந்தா எப்படித் தொறந்து கெடக்கும்?"

அவள் கதவைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "சாத்துன மாதிரிதான் இருக்கு. தூறல்ல அவசரமா ஓடுனேன்... கொண்டியைப் போடாம விட்டுட்டேனோ என்னவோ." அப்புறம் சட்டென்று நிமிர்ந்து, "ஐயையோ, அண்ணி பாத்தி?" என்றாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆகல. சனிக்கெழம ராத்திரியே சாக்கை எடுத்துட்டு வலை போட்டுட்டேன்."

"நல்லவேளை" என்றாள் பூவாளியம்மா. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "நல்லவேளை அண்ணே. அதுவும் போயிருந்தா நான் அண்ணி மொகத்துல எப்படி முழிக்கிறது?"

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். நாற்றுக்காரர் சொல்லவில்லை. "சரி விடு, இனிமே பாத்துச் சாத்து" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் பிற்பாடு அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

சனிக்கிழமை மனைவி வந்தாள். பையைக்கூட இறக்காமல் பாத்திக்குப் போனாள். வலையைத் தூக்கிப் பார்த்தவள் அசந்து நின்றாள்.

"அடேங்கப்பா, கலைச்சும் விட்டாச்சா? கயிறு புடிச்ச மாதிரி வரிசையா நிக்குது. தேறிட்டீங்களே!"

"ம்" என்றார் அவர்.

மூலையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பூவாளியம்மாவைக் கூப்பிட்டு, "எட்டு வருஷமா வர்ற, ஒரு கதவைச் சாத்தத் தெரியாதா உனக்கு? உன்னோடது போனதோட போச்சு, மொத்தத் தோட்டமும் போயிருந்தா?" என்று சத்தம் போட்டாள். பூவாளியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாற்றுக்காரர் தட்டில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நிரப்பிய தட்டையே மறுபடி கொட்டி மறுபடி நிரப்பினார்.

அப்புறம் மனசு கேட்காமல் மனைவியே ஒரு பிடி முள்ளங்கி விதை கொண்டுபோய்க் கொடுத்தாள். "முப்பது நாள்ல வந்துரும், போடு."

"வேணாம் அண்ணி. எனக்கு அந்தப் பொறுப்பெல்லாம் வராது. ஊத்துறதே போதும்."

நாற்றுக்காரரும் கொடுத்துப் பார்த்தார். இருப்பதிலேயே திடமான தக்காளி நாற்றாகப் பத்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். "கோழிக்குத் தக்காளி வேற போடணுமா அண்ணே?" என்று சிரித்தாள். தன்னைத்தானே கேலி பண்ணிக்கொள்கிற சிரிப்பு. நாற்றைத் திரும்பக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். மூலை காலியாகவே கிடந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. பூவாளியம்மா சாயங்காலம் கதவைச் சாத்திக் கொண்டியைப் போடுவாள், டங்கென்று விழும். அதோடு விடமாட்டாள், கயிற்றால் வேறு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுவாள். டெப்போ முனை வரை போவாள். நிற்பாள். திரும்பி வருவாள். கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். சில நாள் இரண்டாவது முறையும் வருவாள். கால்மணி நேர நடை அது. நாற்றுக்காரர் பந்தலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மாசம் பார்த்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று தினமும் எழுந்திருப்பார். அவள் "அண்ணே" என்று கூப்பிட்டதும் "என்னம்மா" என்பார். அதற்கு மேல் வராது.

பாத்தியில் கேரட் தழை முழங்கால் உயரம் வந்தது. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மனைவி ஒவ்வொருத்தரிடமும், "இந்தத் தடவை இவர் பாத்துக்கிட்டது" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு உடம்பு கூசியது.

எடுக்கிற நாள் வந்தது. மெஸ்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பெட்டியை இறக்கிக்கொண்டே, "பூவாளியம்மா, எனக்கு ஒரு கூடை வரணுமே, எங்க?" என்றார்.

"கோழிகிட்டக் கேளுங்க" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள்.

மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தழையைச் சேர்த்துப் பிடித்து முதல் கேரட்டை இழுத்தாள். வரவில்லை. அசைத்து இழுத்தாள். வந்தது. இரண்டு கால்.

"நடந்து போயிருமாட்டம் இருக்கே!" என்றார் மெஸ்காரர்.

அடுத்தது மூன்று கால். அதற்கடுத்தது ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு முறுக்கிக் கிடந்தது. இன்னொன்று பாதியில் மடங்கி மேலே பார்த்துத் திரும்பியிருந்தது. பத்து எடுத்தாள், இருபது எடுத்தாள். நேராக ஒன்றுகூட இல்லை. மெஸ்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவிதான் சிரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

நாற்றுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாடாமல் நின்றதே, அது மேலே. அடியில் அவர் ஸ்பூன் பட்ட வேர்நுனி ஒவ்வொன்றும் அறுந்து, அறுந்த இடத்தில் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, மூன்று மாசமாக மண்ணுக்குள் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அது இன்றைக்கு மேலே வந்துவிட்டது.

"அடியில கல்லு கில்லு தட்டியிருக்கா?" என்று மனைவி மண்ணை அளைந்தாள். "கல்லு இல்லையே."

"எரு சரியா மக்கியிருக்காது" என்று நாற்றுக்காரர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

பூவாளியம்மா கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தாள். "எரு நான்தானே அண்ணி சலிச்சேன். கண்ணு சரியாத் தெரியல, அந்த வாரம் கட்டி கிட்டி விட்டுட்டேன்போல. என்னாலதான். கதவும் என்னால, இதுவும் என்னால. என்னமோ எனக்கு நேரமே சரியில்ல அண்ணி."

மனைவி அவளைப் பார்க்கவில்லை. எழுந்து பாத்தியின் கடைசிக்குப் போனாள். சாக்கு எட்டாத அந்த ஒரு முழத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சுளுவாக வந்தது. ஒரே கால், நேராக, ஒரு சாண் நீளத்துக்கு. இன்னொன்று எடுத்தாள், அதுவும் அப்படியே. மண் ஒன்று, எரு ஒன்று, தண்ணீர் ஒன்று. இரண்டு கையிலும் இரண்டு விதக் கேரட்டைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, இது வெதச்சது. அது நட்டது" என்றாள் மெதுவாக. "எங்கேர்ந்து எடுத்து நட்டீங்க?"

பூவாளியம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "எருவுலதான் அண்ணி..." என்று மறுபடி ஆரம்பித்தாள்.

நாற்றுக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கோழி வரலம்மா" என்றார்.

"என்ன அண்ணே?"

"கோழியும் வரல, ஒண்ணும் வரல. சாக்கை எடுக்க மறந்து இந்தப் பாத்தி அழிஞ்சு போச்சு. நான்தான் உன் மூலையிலேர்ந்து எல்லாத்தையும் எடுத்து இங்க நட்டேன். களைக்கொத்தால சீச்சு விட்டதும் நான்தான். எருவுல ஒரு தப்பும் இல்ல."

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் திட்டுவாள், கையிலிருக்கிறதை எறிவாள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் செய்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப கதவு?" என்றாள் பூவாளியம்மா.

"சாத்தித்தான் இருந்துச்சு."

"நான் சாத்துனேனா?"

"சாத்துனம்மா. கொண்டியும் போட்டிருந்த."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்குச் சத்தம் கேட்டுச்சு அண்ணே. அன்னிக்குத் தூறல்ல ஓடுறப்ப, கொண்டி விழுந்த சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நீங்க சொன்னப்புறம்தான் கேக்கலையோன்னு ஆயிப்போச்சு." மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போயி அடுப்பை அணைச்சேனா, பூட்டைப் பூட்டுனேனான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பேன். எப்படியும் பாதியைக் கலைச்சுத் தூரத்தானே போட்டிருப்பேன் அண்ணே. கேட்டிருந்தா நானே ஒக்காந்து எடுத்துக் குடுத்திருப்பேனே."

நாற்றுக்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பூமி எங்கே பிளக்கிறது? நின்றார்.

பூவாளியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்தாள். "அப்ப இது என்னோடதுதானே?"

"உன்னோடதும்மா."

மனைவி உதவப் போனாள். "வேணாம் அண்ணி, நானே எடுக்கிறேன்" என்றாள். இரண்டு காலும் மூன்று காலுமாக ஒவ்வொன்றாக இழுத்து, மண்ணைத் தட்டி, ஒரு கூடை நிரப்பினாள். அதைத் தூக்கிக்கொண்டு போய் மெஸ்காரர் முன்னால் வைத்தாள். "ஒரு கூடை தர்றேன்னு சொன்னேன்ல. இந்தாங்க. சீவுறதுக்குத்தான் செரமமா இருக்கும்."

மெஸ்காரர் இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்கு அவர் ஒரு கேலியும் பேசவில்லை. மிச்சத்தை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு அவள் கிளம்பினாள். கதவைச் சாத்தவில்லை. அந்தக் கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டிக் கதவுக் கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போனாள். நாற்றுக்காரர் போய்ச் சாத்தினார்.

வீட்டில் மனைவி சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் சாப்பிடவில்லை.

"போன்ல கேட்டேன், எடுத்தாச்சுன்னீங்க."

"ம்."

"பாத்தி போனா மயிராச்சுன்னு இன்னொரு தடவை வெதச்சிருப்பேன். பொறந்த புள்ளையைக் கையில வச்சுக்கிட்டு, அது போச்சேன்னு உங்கள அடிக்கவா வருவேன்? நான் வேற அவளை நிக்க வச்சுத் திட்டுனேன். உங்க அவமானத்துல எனக்கும் பங்கு வாங்கிக் குடுத்துட்டீங்க."

அவர் தட்டைத் தொடவே இல்லை. சோறு ஆறிப்போயிற்று.

மூன்று நாள் பூவாளியம்மா வரவில்லை. நாற்றுக்காரரே இரண்டு கையிலும் பூவாளியைத் தூக்கினார். நாற்பது நடை நடந்தபோது தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் சைக்கிள் கடை வரைக்கும் போனார். மாடிப்படியில் கால் வைத்தார். மேலே அவள் யாருடனோ பேசுகிற சத்தமும், பல்லில் கேரட் கடிபடுகிற சத்தமும், அக்கம்பக்கத்துச் சிறுசுகள் சிரிப்பும் கேட்டன. என்ன முகத்தோடு ஏறுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். அதையும் மனைவியிடம் சொன்னார். இப்போதெல்லாம் எதையும் சொல்லிவிடுகிறார்.

நாலாம் நாள் காலையில் அவள் எப்போதும் வருகிற நேரத்துக்கு வந்தாள். "மூணு நாளும் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குனேன் அண்ணி" என்று மனைவியிடம் மட்டும் சொன்னாள். பூவாளியை நிரப்பி எல்லாப் பாத்திக்கும் ஊற்றினாள். பந்தல் பக்கம் திரும்பவில்லை. மத்தியானம் மனைவி ஒரு விதைப் பொட்டலத்தைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தாள். அவள் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கிழக்கு மூலைக்குப் போய், மூன்று மாசமாகக் காலியாகக் கிடந்த மண்ணைக் கொத்தி, விரலால் கோடு கிழித்து, இந்தத் தடவை அவ்வளவு நெருக்காமல், கேரட் விதையைத் தூவினாள். சாக்கை நனைத்து அவளே விரித்தாள். நாற்றுக்காரர் பந்தலுக்குள் தக்காளி நாற்றை மாற்றுகிற பாவனையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் கிளம்பினாள். தகரக் கதவு கிறீச்சிட்டது. டங்கென்று கொண்டி விழுந்தது. அதோடு செருப்புச் சத்தம் போய்விடும் என்று இருந்தவருக்கு, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணே! கொண்டியைப் போட்டுட்டேன். சத்தம் கேட்டுச்சா?"

கையிலிருந்த நாற்றைத் தட்டில் வைத்தார். எழுந்து நின்றார்.

"கேட்டுச்சும்மா" என்றார்.

"சரி அண்ணே" என்றாள். செருப்புச் சத்தம் டெப்போ முனை வரை போயிற்று. நிற்கவில்லை, திரும்பவும் இல்லை.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். கோபத்தில் கேட்கிறாளா, தனக்கே உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்கிறாளா, அவருக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வாயும் வரவில்லை. மூலையில் முளை வந்து, அவளே சாக்கை எடுத்து, நாலு இலை விட்டு, பாதியைக் கலைத்தும் போட்டாயிற்று. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவரும் அந்த நேரம் வந்ததும் கையிலிருக்கிற நாற்றைத் தட்டில் வைத்துவிட்டு, கதவுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டுச்சும்மா என்று சொன்ன பிறகுதான் மறுபடி மண்ணைத் தொடுவார்.